என் பெட்டியில் நன்றாகத்தான் தெரிகிறது

தலைமைப் பொறுப்பையும் தலைவலியையும் சேர்த்தே சுமக்கும் துறைமுகத் தெருச் சங்கத் தலைவர் குரோசே அவர்களே! முன்வரிசையில் முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கும் மூத்தவர்களே! சோற்றுருண்டை பிடித்த கை ஈரம் காயுமுன் ஓடிவந்த தாய்மார்களே! நான் வாயைத் திறக்குமுன்பே கொட்டாவி விடும் கணவாய் மீன் பிடிக்கும் படகுத் தோழர்களே! மீன் சந்தையில் கூவியே தொண்டை பழுத்த இந்த இவசாகியின் வணக்கம்!

எழுத்துக்குப் பேய் பிடித்த கதையைப் பேச வந்திருக்கிறேன். நம் சங்கத்தின் இணையப் பக்கம்! எழுத்தா அது? கட்டம், கேள்விக்குறி, கடவுளுக்கே விளங்காத கிறுக்கல்! கணினி எழுத்தை எண்ணாகத்தான் வைத்திருக்குமாம். எந்த முறையில் எண்ணாக்கினோம் என்று பக்கத்தின் தலையில் ஒரு வரி சொல்லுமாம். நம் பக்கத்துக்கு உடம்பு பழைய முறை. தலையோ ‘நான் புதுசு’ என்று பீற்றிக்கொண்டது. பிறகு பேய் பிடிக்காமல் என்ன செய்யும்?

அதில் இருந்த அறிவிப்பு என்ன? ‘கோயிலின் பின்மேடு விரிசல் விட்டிருக்கிறது. புயல் வந்தால் கோயிலுக்குப் போகாதீர்கள், பள்ளிக்கூடத்துக்குப் போங்கள்.’ உயிர் காக்கும் அறிவிப்பு! ‘பக்கத்தைப் பார்த்தவர்கள் முத்திரை வையுங்கள்’ என்று, பெயர்த்தாள் செருகிய சுற்றுப்பலகை வீடு வீடாக வந்தது. வைத்தோமா? வைத்தோம்! எல்லா வீட்டு முத்திரையும் சிவக்கச் சிவக்க விழுந்தது! படித்தவர் யார்? ஒருவருமில்லை!

ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு முடிதிருத்தும் நொஸெவைக் கேட்டேன். “என் போன் பழசுப்பா. அதுக்குப் போய் தலைவரைத் தொந்தரவு பண்ணுவாங்களா?” பொதுக் குளியலறை நடத்தும் தொகிகோவைக் கேட்டேன். “எனக்கு மட்டும்தான் அப்படித் தெரியுதோன்னு வெக்கமா இருந்துச்சுண்ணே!” ஆகா, என்ன பணிவு! என்ன பண்பு! ஊரே அவரவர் போனுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது!

தன் கணினிப் பெட்டியைத் தட்டிக்காட்டித் தலைவர் என்ன சொன்னார்? “என் பெட்டியில நல்லாத்தானய்யா தெரியுது! யாராவது குறை சொன்னாங்களா?” என்ன, பின்னால் சிரிப்பு? சிரிக்காதே நொஸெ, உன் முத்திரைதான் முதல் முத்திரை!

புயல் வந்தது. கடற்பாசி காயப்போடும் நம் கினுவே அக்கா, நடக்க முடியாத கணவரைச் சக்கர நாற்காலியில் வைத்து, மழையில் தள்ளிக்கொண்டு எங்கே போனார்? வழக்கம்போல் கோயிலுக்கு! கதவில் பூட்டு. மேட்டிலிருந்து சேறு வழிகிறது. தலைவருக்குப் போன் போட்டார்.

“பக்கத்துல போட்டிருக்கோமேம்மா, பாக்கலையா?”

“பாத்தேன் தலைவரே. கட்டம் கட்டமா இருந்துச்சு. உங்களுக்குத்தான் புரியுதே, இங்க வந்து எங்க வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டுங்க!”

தலைவர் சரக்கு வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். அதை மறைக்க மாட்டேன். இருவரையும் ஏற்றிக்கொண்டு வண்டி வளைவு திரும்பியது, பின்மேடு சரிந்தது. நாற்காலி நின்ற முற்றத்தில் இன்று மண் நிற்கிறது.

பிறகு பக்கம் செய்துகொடுத்தவர் வந்தார். உடம்பையும் புது முறைக்கு மாற்றிச் சேமித்தார். ஊற்றிய தேநீர் ஆறவில்லை, வேலை முடிந்தது! இவ்வளவு சின்ன வேலைக்கு இரண்டு உயிரைப் பணயம் வைத்த பண்பு நமக்குத் தேவையா? வாய் இருந்தும் முத்திரையால் பேசிய வீரர்களே, தேவையா?

அடுத்த புயல் கிளம்பிவிட்டதாம். இப்போதே பக்கத்தைத் திறங்கள். படிக்க முடியாதவர் கை தூக்குங்கள்! வெட்கமா? வெட்கத்தை மண்ணுக்கடியில் புதைத்தாயிற்று, தூக்குங்கள்!

ஒருவருமில்லையா? இருங்கள்... மேடையிலேயே ஒரு கை! தலைவரே, மடியில் பெட்டியோடு நீங்களா?

“பழைய முறையிலதான் படிக்கணும்னு நானே எப்பவோ இந்தப் பெட்டிக்குச் சொல்லிவச்சிருக்கேன் போல. அதான் அன்னிக்கு எனக்கு மட்டும் நல்லாத் தெரிஞ்சுது, இப்ப எனக்கு மட்டும் கட்டம் கட்டமா வருது. புரியலப்பா!”

கேட்டீர்களா? ‘புரியலப்பா!’ இந்தச் சங்கம் பிறந்த நாள் முதல் இந்த மேடை கேட்டிராத சொல்! கினுவே அக்கா, முதல் கைதட்டல் உங்களுடையதாக இருக்கட்டும்!

பொறுத்துக் கேட்ட காதுகளுக்கும், தூக்கிய அந்த ஒற்றைக் கைக்கும் நன்றி கூறி, எல்லோரையும் வணங்கி இறங்குகிறேன்!