வாழைக்கொல்லை மண், அளவு 0.9

என் பெயர் பிரான்சி, வயது 27, த/பெ பெனடிக்ட். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் வாடகை வீட்டில் இருக்கிறேன். எம்.எஸ்ஸி. வேதியியல் படித்திருக்கிறேன். தில்லை நகரில் ஒரு தனியார் மண் பரிசோதனைக் கூடத்தில் இரண்டு வருடம் ஒப்பந்த ஊழியராக இருந்தேன். நான் பரிசோதனை அறிக்கையைத் திருத்தி மோசடி செய்ததாகக் கூடத்தின் மேலாளர் சிவசங்கர் கொடுத்த புகார் மனு விசாரணைக்கு இன்று காவல் நிலையத்தில் ஆஜராகி, நடந்ததைச் சொல்கிறேன்.

மண்ணைத் தண்ணீரில் கரைத்து வடித்து, அந்தத் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று மீட்டரில் அளப்போம். உப்பு கூடினால் எண்ணும் கூடும். மண்ணில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் களி பதத்துக்குக் குழைத்து, மறுநாள் பம்பு வைத்து உறிஞ்சி அளப்பது ஒரு முறை. அதில் 4-க்கு மேல் வந்தால் உப்பு நிலம். எங்கள் கூடத்தில் ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு தண்ணீர் ஊற்றிக் குலுக்கி அளந்துவிடுவோம். தண்ணீர் அதிகம் என்பதால் எண் பல மடங்கு குறைந்துதான் வரும். அதற்குத் தனி எல்லை உண்டு. ஆனால் எங்கள் படிவத்தில் அச்சாகியிருப்பது அந்த 4 மட்டும்தான். வேலைக்குச் சேர்ந்த மாதமே இதைச் சிவசங்கர் சாரிடம் சொன்னேன். "ஒரு நாளைக்கு அறுபது மண்ணு முடிக்கணும். களி கிண்டுறதுக்கா உன்னை வெச்சிருக்கு?" என்றார். அதன் பிறகு நானும் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். எத்தனை அறிக்கை என்று கணக்கில்லை.

சென்ற மாதம் 6ஆம் தேதி, மேலூரில் குத்தகைக்கு வாழை போட்டிருக்கும் தங்கையன் மண் கொண்டுவந்தார். சாயப்பட்டறைக் கழிவு தன் வாய்க்காலில் கலப்பதாகக் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்திருந்தார். அங்கே மண் அறிக்கை கேட்டிருந்தார்கள். 0.9 வந்தது. "உப்புப் பாதிப்பு இல்லை" என்று கம்ப்யூட்டர் அடித்துக் கொடுத்தது, நான் கையெழுத்திட்டேன். 12ஆம் தேதி அவர் ஓரம் கருகிய வாழை இலை ஒன்றை மடித்து எடுத்துவந்து, இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். சிவசங்கர் சார், "மெஷின் பொய் சொல்லாது பெரியவரே" என்றார். "அப்ப வாழைக்கு யாரு சம்பளம் குடுத்துப் பொய் சொல்லச் சொன்னாங்க?" என்று தங்கையன் கேட்டார். அதன் பிறகு என்னிடம், "திங்கக்கிழமை இந்தத் தாளைக் காட்டினா மனுவைத் தள்ளிடுவாங்க தங்கச்சி. கொல்லையை விட்டுட்டுப் போக வேண்டியதுதான்" என்றார்.

அதன் பிறகு அவருடைய மீதி மண்ணை நான் முறைப்படி குழைத்து வைத்து, மறுநாள் உறிஞ்சி மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் 6.8. சாரிடம் காட்டினேன். "அப்ப இதுவரைக்கும் குடுத்த தாளையெல்லாம் யாரு போய்த் திரும்ப வாங்குறது, நீயா?" என்றார். அதன் பிறகு தங்கையனை வரச்சொல்லி, அவர் அறிக்கையில் 0.9-ஐ அடித்து 6.8 என்றும், "இல்லை"யை அடித்து "உள்ளது" என்றும் எழுதி, எப்படி அளந்தேன் என்பதைப் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மனு வாங்கிய அலுவலகத்தில், அடித்த இடத்தில் இனிஷியல், அதாவது சுருக்கொப்பமும் தேதியும் இல்லை என்று அறிக்கையைத் திருப்பிவிட்டார்கள். கூடத்துக்கும் போன் செய்திருக்கிறார்கள். அன்றே சிவசங்கர் சார் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். மண்ணைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சுருக்கொப்பம் போடாதது என் தவறு. அதனால் தங்கையனின் மனு முடிவாகாமல் நிற்கிறது. அதன் அடுத்த விசாரணை இந்த மாதம் 20ஆம் தேதி.

தவறுதலாகத் திருத்திவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் சிவசங்கர் சார் புகாரை வாபஸ் வாங்கி, என்னை மறுபடி வேலைக்கும் எடுத்துக்கொள்வார் என்று இங்கே சொன்னார்கள். நான் தவறாகச் செய்தது முதலில் போட்ட கையெழுத்து. திருத்தியது தெரிந்தே செய்தது. மீதி மண் கால் கிலோவை டப்பாவில் ஒப்படைக்கிறேன். யார் வேண்டுமானாலும் குழைத்துப் பார்க்கலாம்.

இதை முழுக்கப் படித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் நான் சொல்லாமலே இங்கே எழுதியவர் சேர்த்திருந்த "தவறுதலாகத் திருத்தினேன்" என்ற வரியை நானே அடித்து, அடித்த இடத்தில் சுருக்கொப்பமும் இன்றைய தேதியும் போட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடி உண்மை.

(ஒப்பம்)
பெ. பிரான்சி