கழுத்து குட்டையான ஃபோர்க்

“கழுத்து குட்டைன்னு கடையிலேயே தெரியலையா?” என்றாள் ஒரு பெண், தமிழில். வானவடியிலிருந்து கேம்ப் கடைத்தெருவுக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கை. பக்கத்தில் கணவர், மடியில் புது சைக்கிள் ஃபோர்க், முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை.

“முன் சக்கரத்தைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தேனே. கச்சிதமா உட்கார்ந்துது.”

“சக்கரம் உட்கார்ந்தா போதுமா? மேல நட்டு போட கழுத்து மரையே ஃபிரேமுக்கு வெளியில வரலை. பழைய ஃபோர்க்கை ஏன் இரும்புக்காரன்கிட்ட தூக்கிப் போட்டீங்க?”

“வளைஞ்சதை வச்சு என்ன பண்றது?”

பழையதைக் காட்டித்தான் புதியது வாங்க வேண்டும். இந்த நடைமுறை பஞ்சர் ஒட்டுபவருக்கும் தெரியும். இவர் தோளில் மடிக்கணினிப் பை.

“இப்ப மாத்தப் போறப்பவாவது எவ்வளவு நீளக் கழுத்து வேணும்னு அளந்தீங்களா?”

“போட்டோ எடுத்திருக்கேன்.”

“கடைக்காரன் போட்டோல டேப் வச்சு அளப்பானாக்கும்!”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓடலேன்னா சைக்கிளை நம்ம அபார்ட்மெண்ட் பார்க்கிங்லேர்ந்து தூக்கி பழைய இரும்புக்குப் போட்டுருவாங்க, சுதா. காலேஜ்லேர்ந்து வச்சிருக்கேன். கமிட்டியில ஒரு வாரம் டைம் கேட்டா என்ன?”

“மூணாவது மாடி குல்கர்ணி தன் சைக்கிளுக்கு டைம் கேட்டாரே, ஞாபகம் இருக்கா? ரூல்னா ரூல்தான்னு சொல்லி அதைத் தூக்க வச்ச செக்ரட்டரி நீங்கதானே?”

“அது போன மாசம்.”

“அவருக்கும் அது போன மாசம்தான். உங்க சைக்கிளைத் தூக்க முதல் ஆளா வந்து நிப்பாரு, பாருங்க.”