புரியவில்லை என்ற ஒருவர்

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது சார். அதனால்தான் அந்தக் கருவியை எழுதினேன்.

மேடவாக்கத்தில் எங்கள் அலுவலகத்தில், மென்பொருள் எழுதும் முன் அதற்கு ஒரு வரைபடம் போடுவோம். பெட்டிகள், அவற்றை இணைக்கும் கோடுகள். அந்தப் படம் மற்றவருக்கு எவ்வளவு எளிதாகப் புரியும் என்று என் கருவி தானாகவே மதிப்பெண் போடும். கோடுகள் பின்னிக்கிடந்தால் மதிப்பெண் குறையும். யாரும் யாரோடும் வாதாட வேண்டியதில்லை.

மதிப்பெண் சரிதானா என்று பார்க்க, கூட வேலை செய்பவர்களிடம் படங்களைக் கொடுத்துக் கேள்வி கேட்டேன். எல்லோர் பதிலும் ஒத்துப்போனது. எபி அண்ணா மட்டும், கருவி தொண்ணூறு கொடுத்த படத்தைப் பார்த்து, "ஒண்ணும் புரியலம்மா" என்றார்.

அதோடு விடவில்லை. பெட்டிகளின் பெயர்களை அழித்து இட்லி, வடை, பொங்கல் என்று எழுதி, மறுபடி கருவியில் போட்டார். அதே தொண்ணூறு.

"மேடம், வடையிலேர்ந்து பொங்கலுக்குக் கோடு போவுது. இன்னான்னு புரியுதா? வினிதா மெஷினுக்கு சூப்பரா புரியுது. பேரையே பாக்காம கோட்டை மட்டும் எண்ணிக்கினு கீது."

எங்கள் மேலாளர் சாமுண்டீஸ்வரி மேடம்கூடச் சிரித்தார். "எபிக்கு பதில் சொல்லும்மா. இல்லேன்னா இதை விட்டுடலாம்."

கல்லூரி முடித்ததிலிருந்து நான் செய்த ஒரே வேலை அது.

சோதனையில் ஒரு விதி உண்டு. பாதியில் விலகுகிறவரின் பதில்களை நீக்கிவிடலாம். மதியம் எபி அண்ணாவைப் படிக்கட்டில் நிறுத்தி, விலகிக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன்.

"நான் ஏன் விலகணும்? எனக்குப் புரியலைங்கறதுதாம்மா உன் ரிசல்ட்டே" என்று சிரித்துத் திரும்பினார்.

சுவரில் தீயணைப்பு சிலிண்டர் இருந்தது. கனம்தான், ஆனால் தூக்க முடிந்தது. முதல் அடியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்தது காதுக்கு மேல். எலும்பு உள்ளே இறங்கியது என் கைக்குத் தெரிந்தது. படிக்கட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "ஏம்மா?" என்றார்.

கேட்டவருக்குச் சொல்லாமல் விடக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, சின்னச் சின்ன வாக்கியங்களாக விளக்கினேன். யாரிடமும் நான் அவ்வளவு நேரம் பேசியதில்லை. ரத்தம் செருப்புக்கு அடியில் வந்தபோது கொஞ்சம் நகர்ந்துகொண்டேன். நடுவில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இன்னொரு தடவை அடிக்க வேண்டியிருந்தது.

முடித்துவிட்டு, "புரியுதா அண்ணா?" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. அதனால் அவருடைய பதிலை நான் நீக்கவில்லை சார். புரிந்தது என்று திருத்திக்கொண்டேன்.