இரத்தத்தில் பஞ்சம், சிறுநீரில் வெள்ளம்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ரப்பர் தொழிலாளர் சங்கத் தலைவர் ஐயா நாராயணபெருமாள் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, வெட்டு வேலை முடித்து ரப்பர்ப் பால் மணக்கும் கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, குலசேகரத்துக் குன்றுபோல் குணத்தில் உயர்ந்த என் தோழர்களே, உங்கள் அத்தனை பேருக்கும் சங்கச் செயலாளர் மரியஜானின் பணிவான வணக்கம்.

இன்று நாம் பொன்னாடை போர்த்தப்போவது யாருக்கு? நாடாள்பவருக்கா? நாலு கோட்டை பிடித்தவருக்கா? இல்லை. அதோ, கடைசி நாற்காலியில் கூச்சத்தோடு அமர்ந்திருக்கிறாரே, தேங்காப்பட்டணத்து ஜஸீனா, நம் ஊர் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர், அவருக்கு. எதற்காக? ஒரு கேன் சிறுநீருக்காக.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் ஒருநாள் சிரித்தவன்தான்.

இங்கே மேடையில் இருக்கும் சுயம்புலிங்கத்தை உங்களுக்குத் தெரியும். மரம் நோகாமல் பட்டை சீவிப் பால் எடுக்கும் கை அவர் கை. அந்தக் கை போன ஆடி மாதம் ஒரு காலையில் அசைய மறுத்தது. காலும் அசையவில்லை. நினைவு இருக்கிறது, நாக்கு புரள்கிறது, உடம்பு மட்டும் கட்டிப்போட்டதுபோல் கிடக்கிறது.

"பகவதி, எனக்க காலு அனங்கல்ல" என்று மனைவியை அழைத்தார். மத்தியானத்துக்குள் தானாகவே சரியாயிற்று. பதினைந்து நாளில் மறுபடியும் அதே கதை. மூன்றாம் முறை தோட்டத்திலேயே, மரத்தடியிலேயே விழுந்தார்.

ஊர் என்ன சொன்னது? குடி என்றது. ஒரு சொட்டுக் கள்ளும் தொடாத மனிதனைக் குடிகாரன் என்றது. தோட்டத்து மேஸ்திரி, "இனி வேலைக்கு வராண்டாம்" என்றார். ரேஷன் கடை வரிசையில் பகவதிக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, "மாப்பிளைக்கு இன்னும் எறங்கல்லியா?" என்று கேட்டாள். பகவதி வரிசையை விட்டு விலகினார். வெறும் பையோடு வீட்டுக்குத் திரும்பினார். மறுநாளே கணவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

டாக்டர் ஜெரிஷ் இரத்தத்தைச் சோதித்தார். பொட்டாசியம் பாதிக்குமேல் குறைந்து கிடந்தது. தசை அசைய வேண்டுமா, அதற்குப் பொட்டாசியம் வேண்டும். இதயம் ஒழுங்காகத் துடிக்க வேண்டுமா, அதற்கும் அதுவே வேண்டும். இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தால் உயிரே போயிருக்கும். மருந்து ஏற்றினார்கள், எழுந்து நடந்தார். ஆனால் டாக்டர் விடவில்லை. உள்ளே போகும் பொட்டாசியம் எந்த வழியாக வெளியே போகிறது? வயிறா, சிறுநீரகமா? அதைச் சொல்லும் சாட்சி ஒன்றே ஒன்றுதான். சிறுநீர்.

ஜஸீனா ஐந்து லிட்டர் கேன் ஒன்றை நீட்டினார். "அண்ணே, நாளைக்குக் காலையில முதல்ல போறதைக் களைஞ்சிருங்க. அதுக்குப் பொறவு, மறுநாள் அதே நேரம் வரைக்கும் ஒரு சொட்டு விடாம இதுல எடுக்கணும்."

மறுநாள் மாலை, பரிதாபப்பட்ட ஒரு தோழர் சுயம்புலிங்கத்தை மரங்களைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோட்டத்துக்கு அழைத்துப் போனார். அடுத்த நாள் கேன் ஆய்வகத்துக்கு வந்தது. ஜஸீனா அளவைப் பார்த்தார்.

"இது முழுசும் உண்டா அண்ணே?"

சுயம்புலிங்கம் தலை குனிந்தார். ஆம் என்று சொல்லிவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் அவர் சொன்னார்: "இல்ல பிள்ளே. தோட்டத்துல ரெண்டு தடவை வெளிய போயிட்டேன். ஆளுவ நிக்கும்போ கேனைத் தூக்கிட்டுப் போக நாணக்கேடா இருந்து."

ஜஸீனா கோபப்படவில்லை. "செரி. விட்டுப் போனா அளவு குறைச்சுக் காட்டும். சிறுநீரகத்துல தப்பில்லண்ணு டாக்டர் நெனச்சிருவாரு. மறுபடியும் எடுப்போம்" என்று புதுக் கேனைக் கொடுத்தார்.

இரண்டாம் முறை அவர் வீட்டைவிட்டு நகரவில்லை. பகவதி கேனை நிழலில், குளிர்ந்த தண்ணீரில் நிறுத்திக் காவல் காத்தார். முடிவு வந்தது. என்ன முடிவு? உடம்பில் பொட்டாசியம் குறைந்தால் நல்ல சிறுநீரகம் அதை இறுகப் பிடித்து வைக்கும். ஆய்வகக் கணக்கில் ஒரு நாளுக்கு இருபது அலகுக்குள் மட்டும் வெளியே விடும். இவருக்கு எழுபதுக்கு மேல் போயிருந்தது. இரத்தத்தில் பஞ்சம், சிறுநீரில் வெள்ளம். ஓட்டை எங்கே என்று தெரிந்துவிட்டது.

பின்னாலிருந்து ஒரு தோழர் கேட்கிறார், "இளநீ குடிச்சா போராதா?" என்று. இளநீரில் பொட்டாசியம் உண்டு, ஆனால் போதாது தோழரே. சிறுநீரகம் பழுதான சிலருக்குப் பொட்டாசியம் உடம்பில் தேங்கும். அவர்களுக்கு இளநீரே ஆபத்து. குறைகிறதா, கூடுகிறதா, ஏன் என்று சோதிக்காமல் ஒரு மாத்திரைகூட விழுங்காதீர்கள்.

சுயம்புலிங்கத்துக்கு இது வாழ்நாள் நோய். தினமும் மாத்திரை, தவறாமல் பரிசோதனை. ஆனால் ஒன்பது மாதமாக அவர் விழவில்லை. மேஸ்திரி வீடு தேடி வந்து வேலைக்கு அழைத்தார். ரேஷன் கடையில் பகவதி தலை நிமிர்ந்து நிற்கிறார்.

தோழர்களே, எனக்குப் பெருமை எதில்? தலைநகரத்துக்குப் போகாமல், நம் ஊர் ஆய்வகத்தில், நம் பெண்ணின் பொறுமையில் இந்த உண்மை வெளிவந்தது. நாணத்தை விழுங்கி நம் தொழிலாளி சொன்ன ஒரு வார்த்தையால் வெளிவந்தது. கருவி காட்டியது எண்ணை, காப்பாற்றியது நேர்மை.

கடைசியாக ஒன்று. சுயம்புலிங்கம் மரத்தடியில் விழுந்த அன்று, தூக்கிவிடாமல் "நல்ல போதைதான்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே நடந்துபோன ஒருவன் உண்டு. அவன் பெயர் மரியஜான். சங்கச் செயலாளர் மரியஜான். அண்ணாச்சி, இத்தனை பேர் முன்னால் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

அவர் கையைக் காட்டுகிறார். என்ன சொல்கிறார் தெரியுமா? "விடும் வோய். அந்தப் பிள்ளைய மேடைக்கு விளியும்."

விளிக்கிறேன். ஜஸீனா, மேலே வாருங்கள். பொன்னாடையை உங்களுக்குப் போர்த்தப்போவது தலைவர் அல்ல, நான் அல்ல. சுயம்புலிங்கத்தின் கைகள்.

பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கும், இப்போது தட்டிக்கொண்டிருக்கும் உங்கள் கைகளுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லோரும் நலமாயிருங்கள். வணக்கம்.