பெடல் கெட்டி

— கையை எடு பாப்பா. அந்த மேல் தட்டுல ஒண்ணும் இல்ல. பழைய கிரீஸ் டப்பாவும் எலிப் புழுக்கையும்தான். பேடெல்லாம் கீழ இருக்கு.

— கீழ இருக்கறது பூரா வேனுக்கும் டாக்சிக்கும் ஆனதுப்பா. எனக்கு ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காருக்கு பிரேக் பேடு வேணும்.

— யாரு காரு?

— என் காரு. அண்ணன் வச்சிருந்த மாதிரியே ஒண்ணு, செகண்ட் ஹேண்டுல வாங்கிட்டேன். கலர்தான் வேற. ஞாயித்துக்கிழமை ஓட்டப் போறேன். அதே ரேஸ் ட்ராக்.

— என்னது?

— காதுல விழுந்துச்சுல்ல. அவன் போய் மூணு வருஷம் ஆச்சு. அந்த முதல் வளைவுல நான் ஒரே ஒரு தடவை பிரேக் போட்டுத் திரும்பணும்ப்பா. இல்லேன்னா ஆயுசு பூரா நான் அங்கேயேதான் நின்னுக்கிட்டு இருப்பேன்.

— பேச்சைப் பாரு. உங்கம்மாவுக்குத் தெரியுமா?

— தெரியாது.

— தெரிஞ்சா அடுத்த நிமிஷமே மயங்கி விழுந்துடுவா. அப்புறம் அதுவும் என் தலையிலதான் விடியும். ஏற்கெனவே மூணு வருஷமா என்கூடப் பேச்சே கிடையாது. சோத்துத் தட்டைக் கொண்டு வருவா, அந்த ஸ்டூல் மேல டக்குனு வைப்பா, போயிடுவா. அந்த டக்குதான் எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை.

— என்கிட்ட மட்டும் என்ன பேசறாங்கன்னு நினைக்கிறீங்க? அதே ஒரு பேச்சுதான். “கார் கெளம்பறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடிகூட போன்ல பேசினேனே, சாப்பிட்டியாடான்னு கேட்டேனே, வீட்டுக்கு வந்து உன் கையால சாப்பிடறேன் கிழவின்னு சிரிச்சானே.” நேத்து ராத்திரியும் அதையேதான் சொன்னாங்க. எழுத்து மாறாம.

— சொல்லட்டும். எத்தனை தடவை சொன்னாலும் புதுசா கேக்கற மாதிரி கேட்டுக்க. அந்தச் சிரிப்பு ஒண்ணுதான் அவளுக்கு மிச்சம். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் காலையில எழுந்திரிக்கறா.

— உங்களுக்கு என்னப்பா மிச்சம்?

— எனக்கென்ன? இந்த ஷெட்டு இருக்கு. ரெண்டு வேனு வருது. போதும்.

— அப்பா, நீங்கதான் எனக்குப் பேடு எடுத்துக் குடுக்கணும். வேற யாரும் வேண்டாம்.

— ஆளை விடு தாயி. நான் எடுத்துக் குடுத்த லட்சணத்தைத்தான் பார்த்தோமே. இருபத்தெட்டு வருஷம் டிப்போவுல பஸ்ஸுக்கு பிரேக் பார்த்தவன் நான். என் கை பட்ட ஒரு பஸ்ஸாவது நிக்காமப் போயிருக்குமா? பெத்த பிள்ளை காருல வந்து கோட்டை விட்டேன்.

— மறுபடியும் ஆரம்பிக்காதீங்க.

— இரு, சொல்றேன். பன்னெண்டு டன் பஸ்ஸையே பார்த்துப் பழகின கண்ணு. கடைக்குப் போய், இருக்கறதுலயே ஸ்ட்ராங்கான ரேஸ் பேடு எதுன்னு கேட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு வாங்கிட்டு வந்தேன். அவன் காரு எடை என்ன? அறுநூத்தம்பது கிலோ. நாலு ஆளு சேர்ந்தா தூக்கி ஓரமா வச்சிடலாம். அந்த எடைக்கு அந்தப் பேடு சூடே ஏறாது. சூடு ஏறலேன்னா பிடிக்காது. இந்த ஒரு சமாச்சாரம் என் மரமண்டைக்கு எட்டல. முதல் வளைவு, பேடு ஜில்லுனு இருந்துச்சு, என் பிள்ளை போயிட்டான்.

— இதை எத்தனை பேருகிட்டதான்பா சொல்லுவீங்க? பேப்பர் போடறவருகிட்டகூடச் சொல்லியிருக்கீங்க. அந்த மனுஷன் அதுக்கப்புறம் பேப்பரை வெளியில இருந்தே வீசிட்டு ஓடறாரு.

— உள்ளதைச் சொல்ல எனக்கென்ன வெக்கம்?

— சரி. நீங்க எடுத்துத் தர வேண்டாம். நானே சொல்றேன், தப்புன்னா மட்டும் தலையை ஆட்டுங்க. ரோட்டுல ஓட்டற சாதாப் பேடு வேண்டாம். ஜில்லுனு இருக்கும்போதே பிடிக்கும், நல்லதுதான். ஆனா ட்ராக்ல நாலு சுத்து விரட்டினா வெந்து போய் வழுக்க ஆரம்பிச்சுடும்.

— ம்.

— முழு ரேஸ் பேடும் வேண்டாம். இருநூறு டிகிரிக்கு மேலதான் அது கண்ணையே முழிக்கும்.

— ம்ம்.

— அப்ப நடுவுல ஒண்ணு. முதல் மிதியிலயும் பிடிக்கணும், ஐநூறு டிகிரி வரைக்கும் தாங்கணும். நாலு சக்கரத்துக்கும் அதையே போட்டுடறேன்.

— கிழிஞ்சுது. பின்னாடியும் அதையா போடுவ? பிரேக் மிதிச்சா பாரம் பூரா முன்னாடி வந்துடும், பின் சக்கரம் காத்துல நிக்கற மாதிரி நிக்கும். அது முதல்ல பூட்டிக்கிச்சுன்னா காரு பம்பரமா சுத்திடும். முன்னாடி அதைப் போடு, பின்னாடி ஒரு படி சாதுவானதாப் போடு.

— பார்த்தீங்களா? வாய் சும்மா இருக்குதா உங்களுக்கு?

— போடி இவளே.

— பிரேக் ஆயில்?

— புதுசா மாத்து. பழைய ஆயில் தண்ணியைக் குடிச்சிருக்கும், சூடானா கொதிச்சுடும். பேடைப் பழக்காம எடுத்த எடுப்புல விரட்டாதே. எட்டுப் பத்து தடவை மிதிச்சு மிதிச்சு விடு, அப்புறம் ஆற விடு. கடைசிச் சுத்துல பிரேக்கைத் தொடாம உருட்டிக்கிட்டே வா. வந்து நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்துடாதே.

— பேடை மாட்டி முடிச்சதும் முதல் வேலை என்னப்பா?

— அதை எதுக்கு என்கிட்ட கேக்கற? ரெண்டு பேருக்கும் பல்லு விழுந்து முளைக்கறப்பவே சொல்லிக் குடுத்ததுதானே.

— நீங்க சொல்லுங்க.

— மாட்டேன்.

— அப்ப நான் சொல்றேன். புதுப் பேடு தடிமனா இருக்கும். அதுக்கு இடம் பண்ண, பேடை அழுத்தற பிஸ்டனை உள்ள தள்ளுவோம். அதனால மாட்டினதும் ஒருத்தர் சீட்டுல உட்கார்ந்து பெடலை மிதிக்கணும். முதல் மிதி தரை வரைக்கும் போகும், பிரேக்கே இருக்காது. திரும்பத் திரும்ப மிதிச்சா பிஸ்டன் வெளிய வந்து பேடைத் தொடும், பெடல் காலுக்குக் கீழ கல்லு மாதிரி நிக்கும். நின்னதும் “கெட்டி”ன்னு கத்தணும். கத்தாம வண்டி நகரக் கூடாது. இது நம்ம வீட்டுச் சட்டம். அண்ணன் வீல் நட்டை முடுக்குவான், நான் மிதிப்பேன். நான் “கெட்டி”ன்னு கத்தினப்புறம்தான் அவன் ஹெல்மெட்டையே கையில எடுப்பான்.

— டீ ஆறுது பாப்பா. குடிச்சிட்டுக் கெளம்பு.

— அண்ணன் கார்ல இருந்தது நீங்க குடுத்த பேடு இல்லப்பா.

— உளறாதே.

— அதைப் பார்த்ததுமே அவன் சிரிச்சான். “அப்பா பஸ்ஸுக்கு வாங்கிட்டு வந்துட்டாருடி”ன்னான். சொன்னா உங்க முகம் சுருங்கிடும்னு சொல்லல. உங்க பேடு பெட்டியை டிக்கியில போட்டுட்டு, வேற பேடு வாங்கிட்டு வந்தான். அன்னைக்குக் காலையில ட்ராக்ல வச்சுத்தான் மாத்தினோம். நானும் அவனும்.

— இல்ல. என் பேடுதான்.

— என் கையால மாட்டினேன்பா! முன்னாடி ரெண்டு சக்கரமும் நான்தான். அதுக்குள்ள மைக்ல கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. நான் பெடல் மிதிக்க சீட்டுப் பக்கம் போனேன். என் போன் அடிச்சுது. எடுத்துப் பேசினேன். அவனும் வாங்கி ரெண்டு வார்த்தை பேசிட்டுக் குடுத்தான். ஒரே இரைச்சல், நான் பேசிக்கிட்டே நிழலுக்கு நகர்ந்துட்டேன். திரும்பிப் பார்த்தா அவன் கார்ல உட்கார்ந்துட்டான். என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினான். ஆச்சான்னு கேக்கறான்ப்பா.

— போதும்.

— நானும் கட்டை விரலைக் காட்டினேன். கை தானா போச்சு. போன்ல பேசிக்கிட்டே காட்டினேன்.

— போதும்னு சொல்றேன்ல!

— கெளம்பற இடம் மேடு. பிரேக்கைத் தொடாமலே ஏறிடலாம். அப்புறம் நீட்டு ரோடு. அந்த வளைவுலதான் அவன் முதல் தடவை மிதிச்சிருப்பான். நான் மிதிச்சிருக்க வேண்டிய மிதிப்பா அது. தரை வரைக்கும் போயிருக்கும்.

— அழாதே. மூக்கைத் துடை. அந்தத் துணி வேண்டாம், ஆயிலு. இந்தா, என் துண்டு.

— மூணு வருஷமா அம்மா உங்களைக் கொலைகாரன் மாதிரி பார்க்கறாங்க, என்னை உட்கார வச்சுத் தலை வாரி விடறாங்க. சீப்பு படும்போதெல்லாம் கத்தணும்போல இருக்கு. பேடு ஒரு சாக்குப்பா. இன்னைக்கு அம்மாகிட்ட சொல்லிடலாம்னுதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன்.

— சொன்னா நம்புவாளா? அப்பனைக் காப்பாத்த மக கதை கட்டுறான்னு சொல்லுவா. என்ன அத்தாட்சி இருக்கு உன்கிட்ட?

— அதான் இல்ல. டிக்கியில இருந்த உங்க பெட்டியை அப்புறம் தேடாத இடமில்ல. பிரிக்காத பெட்டி. அது மட்டும் கிடைச்சிருந்தா அன்னைக்கே அம்மா முன்னாடி கொண்டு போய் வச்சிருப்பேன்.

— ஸ்டூலை இழு.

— எதுக்கு?

— சோத்துத் தட்டைக் கீழ வச்சிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறு. மேல் தட்டுல, கிரீஸ் டப்பாவுக்குப் பின்னாடி கையை விடு.

— அப்பா... அப்பா, இது...

— சீல் பிரிக்காமத்தான் இருக்கும்.

— உங்களுக்கு முதல்லயே தெரியுமா?

— நொறுங்கின காரைக் கொண்டுவரப் போனது நான்தானே. டிக்கியில கிடந்துச்சு. முதல்ல கோபம்தான் வந்துச்சு, அப்பன் குடுத்ததை மாட்டலியே படவான்னு. அப்புறம் சக்கரத்துப் பக்கம் குனிஞ்சு பார்த்தேன். புத்தம் புதுப் பேடு, தேய்ஞ்ச அடையாளமே இல்ல. பிஸ்டன் பாதிகூட வெளிய வரல. இருபத்தெட்டு வருஷம் பாப்பா. என்ன நடந்துச்சுன்னு எனக்கு ஒருத்தர் வந்து சொல்லணுமா? பெட்டியைச் சட்டைக்குள்ள சொருகிக்கிட்டு வந்துட்டேன்.

— அப்புறமும் ஊர் பூரா உங்க பேடுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்களா? எனக்காகவா? ஐயோ, ஏன்பா! நான் இப்பவே போறேன். இந்தப் பெட்டியோட போறேன். அம்மா என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும், ஆயுசுக்கும் பேசாம இருக்கட்டும்.

— உட்காரு. அவ உன்னை ஒரு மாசம் திட்டுவா. அப்புறம் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுவா. நாப்பது வருஷமா அவகூடக் குப்பை கொட்டறேன், எனக்குத் தெரியாதா? அதுக்கு நான் பயப்படல.

— பின்ன எதுக்குப் பயப்படறீங்க?

— போய்ச் சொல்லு. நான்தான்மா பெடல் மிதிக்க மறந்துட்டேன்னு சொல்லு. ஒரு நாளும் மறக்காதவ அன்னைக்கு மட்டும் எப்படிடி மறந்தேன்னு கேப்பா.

— போன் வந்துச்சுன்னு சொல்லுவேன்.

— யாரு போன்னு கேப்பா, பாப்பா.