இரண்டு பாடத்துக்கு நடுவே

— காலையில ஜன்னலண்ட நின்னு பார்த்தது தோட்டத்துத் துரையேதானா, கங்காணியாரே? கணக்கப்பிள்ளையா இருக்கப் போகுது.

— தொரையேதான், வாத்தியாரய்யா. குதிரைய விட்டு எறங்கி, தொப்பியக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. நான் பக்கத்துல கொடை புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். என்னத்தச் சொல்ல, இந்த முத்தையாவுக்கு மூச்சே நின்னுபோச்சு. பாட நேரத்துல நாப்பது புள்ளைங்களும் எந்திரிச்சு ஆடிக்கிட்டு நின்னா?

— ஆட்டம் இல்லைங்க அது! கணக்கு முடிஞ்சு வாசிப்பு தொடங்குறதுக்கு முன்னால ஒரு அஞ்சு நிமிஷம். ஆறு வயசுப் பிள்ளைகிட்ட கூட்டல் முடிஞ்ச கையோட ஆனா ஆவன்னாவை எடுன்னா எடுக்குமா? மூக்கை நோண்டும். பக்கத்துப் பிள்ளையோட சிலேட்டை உடைக்கும். நடுவுல உடம்பை அசைச்சு விட்டாத்தான் மனசு அடுத்த பாடத்துக்கு நகரும். அதுதானே சூட்சுமம்.

— நீங்களாக் கண்டுபுடிச்சதா?

— பதுளையில பாதிரியார் பள்ளிக்கூடத்துல கைதட்டிப் பாட வைப்பாங்க. இங்க அதைச் செஞ்சு பார்த்தேன், ஒண்ணொண்ணும் முழிச்சுக்கிட்டு நின்னுச்சு. சரி, இதுங்களுக்குத் தெரிஞ்சதையே குடுப்போம்னு நினைச்சேன். 'கூடை'ன்னா தலையில கயித்தை மாட்டுற மாதிரி பாவனை. 'கொழுந்து'ன்னா ரெண்டு கையாலயும் கிள்ளித் தோளுக்குப் பின்னால போடணும். 'நிறுவை'ன்னா கொழுந்து நிறுக்க வர்ற மாதிரி வரிசையா வந்து சத்தம் போடாம உக்காரணும். அடுத்த பாடம் ரெடி!

— அந்த நல்லம்மா கைய பாத்தீங்களா? ஏழு வயசுதான், என்னா வேகம்! தொரை அதப் பாத்துத்தான் சொக்கிப் போனாரு.

— சொக்கிப் போனாரா? கோபம் இல்லையா?

— கோவமா? பங்களா போய்ச் சேர்ற வரைக்கும் இதே பேச்சுதான். வாத்தி லேசுப்பட்ட ஆளு இல்லன்னு எங்கிட்டயே சொன்னாரு.

— அடக் கடவுளே! நான் காலையில இருந்து பச்சைத்தண்ணி குடிக்கலைங்க. வேலை போச்சுன்னு மூட்டையைக் கட்டி வச்சிட்டேன். பசறைக்கு வண்டி எப்போன்னு கூட விசாரிச்சாச்சு.

— மூட்டைய அவுருங்க மொதல்ல.

— கங்காணியாரே, மாசக் கடைசியில இன்ஸ்பெக்டர் வர்றாரு. இருபது பிள்ளை வாசிச்சுக் காட்டினாத்தான் இது பள்ளிக்கூடம்னு எழுதிக்குவாராம், இல்லேன்னா மூடிடுவாங்க. பதினெட்டு பிள்ளை தேறிடுச்சு. நேத்து நல்லம்மா 'அம்மா'ன்னு எழுதிட்டு, அழிக்க விடமாட்டேன்னு சிலேட்டு மேலேயே படுத்துக்கிச்சு. எனக்கு அழுகையே வந்திருச்சுங்க.

— வரும், வரும். ஆமா, இந்தக் கொழுந்து வெளையாட்டு எவ்வளவு நேரம் தாங்கும் புள்ளைங்க?

— நான் விடுறது அஞ்சு நிமிஷந்தான். விட்டா நாள் பூரா செய்யும்! நிறுத்துன்னாத்தான் அழுகை.

— நாள் பூரா. தொரைகிட்ட அப்படியே சொல்லிப்புடுறேன்.

— சொல்லுங்க! பேரையும் சேர்த்துச் சொல்லுங்க, சுந்தரலிங்கம்னு முழுசா.

— தன்னோட பழைய கோட்ட ஒங்களுக்குக் குடுக்கச் சொல்லிட்டாரு. இந்தாங்க.

— கோட்டா! எனக்கா? உங்க கோட்டு மாதிரியே இருக்குங்களே.

— எனக்கும் அவரு குடுத்ததுதான். அப்பறம், வெலிமடைக்கு ஆளு போயிருக்கு, கூடை பின்னச் சொல்லி. சின்னக் கூடையா, நாப்பது.

— நிஜக் கூடை எதுக்குங்க? வெறுங்கையே போதும். அதுக்குப் பதிலா நாலு சிலேட்டு வாங்கித் தந்தா…

— என்னத்தச் சொல்ல, வாத்தியாரய்யா. வெள்ளைக்காரனுங்க சண்டை தொடங்குனதுல இருந்து ஊர்ல இருந்து கப்பல்ல ஆளு வரல. ஏழாம் நம்பர் மலையில கொழுந்து முத்திக் கெடக்கு.

— கங்காணியாரே, அது பாவனைங்க! அதுங்க கை செடிக்கு எட்டாது.

— கவாத்து வெட்டிச் செடியக் குட்டையாக்குன மலைதான், எட்டும். நாளைக்குக் காலையில ஆறு மணிப் பெரட்டுல ஆளுங்க பேரு கூப்புடுறப்ப எல்லாப் புள்ளையும் வந்து நிக்கணும். அரைநாள் கூலிக்குப் பேர் போடுவோம். அதுங்களுக்கு நீங்கதான் கங்காணி.

— அப்போ பாடம்? பதினெட்டு பிள்ளைங்க! நான் இன்ஸ்பெக்டருக்கு என்ன பதில் சொல்லுவேன்?

— பாடத்த யாரு நிறுத்தச் சொன்னா? ஒரு மலை முடிஞ்சு அடுத்த மலை ஏறுறதுக்கு முன்னால புள்ளைங்களுக்கு அலுப்புத் தட்டும்ல, அந்த அஞ்சு நிமிசத்துல ஒங்க ஆனா ஆவன்னாவ நடத்திக்கச் சொன்னாரு தொரை.