படத்தில் இறந்த தலைவர் யார் என்பது பற்றி

விசாரித்த இடம்: திண்டிவனம், சாட்சியின் வீடு. தேதி: 24-1-1962. விசாரித்தவர்: சப்-இன்ஸ்பெக்டர் கண்ணையன்.

என் பெயர் தையல்நாயகி. வயது அறுபத்தாறு. திண்டிவனம் ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். கடலூரில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தேன். தமிழும் இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரியும். என் கணவர் விழுப்புரம் ஜங்ஷனில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்று, 1953-ஆம் வருடம் இந்த வீட்டில் காலமானார். அவர் பெயரைச் சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் அதை வாயால் சொல்லும் வழக்கமில்லை, வாசல் பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்றேன். அவர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு மேலே கேட்டார்.

கிளியனூரைச் சேர்ந்த கூத்துக்காரர் விருத்தாசலம் நேற்று முன்தினம் மாலையிலிருந்து போலீஸ் ஸ்டேஷனில் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார் என்று அறிந்து, நானாகவே ஆள் அனுப்பிச் சப்-இன்ஸ்பெக்டரை வரவழைத்தேன். எண்ணெய் மில் சொந்தக்காரரும் வருகிற தேர்தலில் நிற்பவருமான சீனுவாசன் அவர்களைப் போல ஒரு சினிமாப் படத்தில் வேஷம் கட்டி, பெண்களை விட்டுத் துடைப்பத்தால் அடிக்கவைத்து, அவரை ஊரார் முன் அவமானப்படுத்தியதாக விருத்தாசலத்தின் மேல் புகார் என்று சொன்னார்கள். படச்சுருள் இருந்த டப்பாக்களையும் கைப்பற்றியிருக்கிறார்கள். விருத்தாசலம் கட்டியது யாருடைய வேஷம் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருவர் விருத்தாசலம், ஒருவர் படத்தின் டைரக்டர், மற்றொருவர் நான். வெளியே சொல்லக் கூடாது என்று நான் கேட்டுக்கொண்டதால் அவர்கள் இருவரும் இதுவரை வாய் திறக்கவில்லை. ஆகவே நான்தான் சொல்ல வேண்டும்.

படத்தின் டைரக்டர் கோட்டக்குப்பத்தைச் சேர்ந்த அப்துல் மாலிக், சைகோனில் துணிக்கடை வைத்திருந்து அதை விற்றுவிட்டு வந்தவர், படம் எடுக்க இடம் தேடிக்கொண்டு மார்கழி மாதக் கடைசியில் என் வீட்டுக்கு வந்தார். படத்தின் பெயர் ‘தலைவர் கண்ணயர்ந்தார்’ என்றும், ஒரு நாட்டைத் தன் இஷ்டப்படி ஆண்ட சர்வாதிகாரி இறந்துபோவதும், அதன் பிறகு அவருடைய மந்திரிகள் அடிக்கும் கூத்தும்தான் கதை என்றும், சிரிப்புப் படம் என்றும் சொன்னார். “உங்க வூடு அரண்மனையா நடிக்கணும்மா” என்றார். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வதானால் நடிக்கலாம் என்றேன்.

அதன் பிறகு நடிகர்கள் வந்து சேர்ந்தார்கள். சென்னையிலிருந்து ஒருவரும் இல்லை. எல்லோரும் இந்தப் பக்கத்துக் கூத்துக்காரர்களும் நாடகப் பித்து உள்ளவர்களும்தான். நிதி மந்திரியாக நடித்தவர் சவுரிராயன் என்னும் தபால்காரர். லீவு போட்டுவிட்டு நடித்தார். கதையில் தலைவர் உட்காராமல் யாரும் உட்காரக் கூடாது என்று ஒரு சட்டம். தலைவர் எழுந்து உட்காரவே போவதில்லை என்பதால் மந்திரிகள் எல்லோரும் படம் முழுவதும் நிற்கிறார்கள். சவுரிராயனுக்கு உண்மையாகவே கால் வீங்கிவிட்டது. நான் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்து உட்காரச் சொன்னேன். “தலைவர் இன்னும் எழுந்துக்கலியேம்மா, நான் எப்பிடி உக்கார்றது?” என்று அந்த மனிதர் நின்றபடியே ஒவ்வொரு காலாக வெந்நீரில் வைத்தார். இவர்களைப் போன்றவர்கள் யாரையும் அவமானப்படுத்த வந்தவர்கள் அல்ல என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறேன்.

தலைவர் வேஷத்துக்குப் புதுச்சேரி நாடகக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த கோட்டு விருத்தாசலத்தின் தோளில் ஏறவில்லை. அவர் நல்ல உயரம், அகன்ற மார்பு. நான் அதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து என் கணவரின் வெள்ளை டிரில் கோட்டை எடுத்துக் கொடுத்தேன். அது கழுத்துவரை மூடிய கோட்டு. பித்தளைப் பித்தான்களில் ரயில்வேயின் எழுத்துகள் இருக்கும். ஓய்வுக்குப் பிறகு தம் சொந்தச் செலவில் தைத்துக்கொண்டது. சீனுவாசன் அவர்கள் இப்போது கூட்டங்களுக்குப் போட்டுக்கொண்டு வரும் கோட்டு இதைப் போலவே இருப்பது உண்மை. ஆனால் என் கணவர் இதைத் தைத்தபோது சீனுவாசன் அவர்கள் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரத்தில் மேல்துண்டோடு இருந்தார்.

கோட்டைப் போட்டுக்கொண்ட விருத்தாசலம் முன்கூடத்தில் அப்படியே நின்றுவிட்டார். “அம்மா, அய்யா எப்பிடி நடப்பாரு? இந்தக் கோட்டு என்ன நடக்க வுட மாட்டேங்குது. நிக்கத்தான் வெக்குது” என்றார். நான் நடந்து காட்டினேன். இடது கை முதுகுக்குப் பின்னால். வலது கை கடிகாரம் வைத்த பையின் மேல். அவசரம் கூடாது. வண்டிதான் அவரிடம் வரும், அவர் வண்டியிடம் போக மாட்டார். பேசுவதற்கு முன் இரண்டு தரம் செருமுவார். விருத்தாசலம் முதலில் ஒரு தரம் செருமினார். போதாது என்று சொல்லித் திருத்தினேன். சரியாக வந்தபோது, உள்ளே வேலையாக இருந்த சமையற்காரி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடிவந்தாள். அவ்வளவு சரியாக இருந்தது.

அன்று காபி கொடுத்தபோது, என் கணவர் எப்படிக் காலமானார் என்று அப்துல் மாலிக் கேட்டார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அவரிடம் சொன்னேன். இப்போது இங்கேயும் சொல்கிறேன். இந்த வீட்டில் என் கணவர் கைமணியை அடித்த பிறகுதான் சாப்பாட்டுக்கு உட்காருவது வழக்கம். அன்று இலை போட்டாயிற்று. அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி இருந்தார். என் மகன், மருமகள், ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார், நான், எல்லோரும் இலைக்குப் பக்கத்தில் நின்றோம். அவரை எழுப்பும் தைரியம் யாருக்கும் இல்லை. நீ போ, நீ போ என்று ஜாடை காட்டிக்கொண்டோம். ரசம் ஆறியது. மகன் ஒரு அப்பளத்தை ஒடித்தான், அந்தச் சத்தத்துக்கு அவனே பயந்துபோனான். அதன் பிறகு விழுப்புரம் பாசஞ்சர் கூவிக்கொண்டு வந்தது. ஓய்வு பெற்ற பின்னும் ஒவ்வொரு வண்டிக்கும் கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பது அவர் பழக்கம். அன்று அவருடைய கை பைக்குப் போகவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அப்துல் மாலிக் காபியைக் கீழே வைத்தார். அதன் பிறகு, “அம்மா, கதையில தலைவருக்கு வெசம் வெச்சிக் கொல்றாப்பல எழுதியிருந்தேன். அத எடுத்துட்டு இத வெச்சிக்கட்டுமா?” என்று கேட்டார். யாருடைய வீட்டில் நடந்தது என்று வெளியே வராவிட்டால் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்துச் சரி என்றார். கூட நின்ற விருத்தாசலமும் தலையசைத்தார். மந்திரிகள் தலைவரை எழுப்பப் பயந்து நிற்கும் காட்சி தம் வீட்டு நிலவரத்தைக் கேலி செய்வதாகச் சீனுவாசன் அவர்கள் புகாரில் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அவர் வீட்டிலும் அப்படித்தான் என்று எனக்கு இதுவரை தெரியாது.

நேற்று முன்தினம் பகலில், இறந்த தலைவரை மக்கள் பார்வைக்கு வைக்கும் காட்சியை எங்கள் வீட்டு முன்வாசலில் எடுத்தார்கள். காமிராவுக்குத் தெரிவதற்காகச் செம்மண்ணைக் கொட்டிச் சரிவாக ஒரு மேடை போட்டு, அதில் விருத்தாசலத்தை மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். அழுவதற்கு மில்லில் மல்லாட்டை உடைக்கும் பெண்களைக் கூலிக்கு அழைத்து வந்திருந்தார்கள். வாசலைப் பெருக்கும்படி நான்தான் அவர்களிடம் துடைப்பம் கொடுத்தேன். அதை வைத்துப் பெண்கள் முன்கூட்டியே ஆயுதத்தோடு வந்ததாகப் புகாரில் உள்ளது தவறு. துடைப்பம் என்னுடையது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து அம்மன் கோவில்களில் தீமிதிக்கு முன்னால் படுகளம் என்று ஒரு சடங்கு. கெட்ட அரசனை மண்ணால் பெரிதாகச் செய்து தரையில் படுக்கவைப்பார்கள். கூத்தில் அந்த அரசன் வேஷம் கட்டுகிறவர் அங்கே விழுவார். பெண்கள் துடைப்பத்தால் அடித்து, ஏசி, அழுது, கடைசியில் ஆளுக்கு ஒரு பிடி மண் எடுத்துப் போய்ப் பானையில் போட்டு வைப்பார்கள். நான் அதற்குப் போகிறவள் அல்ல, ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்தச் சுற்று வட்டாரத்தில் வருடா வருடம் அந்த அரசனாக விழுகிறவர் விருத்தாசலம்தான். இது அப்துல் மாலிக்குக்குத் தெரியாது.

அப்துல் மாலிக், “தலைவர் பூட்டாரும்மா! நல்லா மாரடிச்சிக்கினு அழுங்க!” என்று சத்தம் போட்டார். பெண்கள் மண்மேட்டைப் பார்த்தார்கள், அதில் கிடந்த விருத்தாசலத்தைப் பார்த்தார்கள், தங்கள் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தார்கள். அதன் பிறகு அஞ்சம்மாள் என்பவள் முதலில் போய் அடித்தாள். “எழுந்துக்கடா! இம்மாம் பேர நிக்க வெச்சிட்டு நீ மட்டும் படுத்துக்கினியே, எழுந்துக்கடா!” என்று அழுதுகொண்டே அடித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரும் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. அப்துல் மாலிக் காமிராக்காரரைப் பார்த்து, “நிறுத்தாதே, ஓட்டு, ஓட்டு!” என்று குதித்தார். அதன் பிறகு மண்ணுக்குப் பதிலாகப் பெண்கள் கோட்டின் பித்தான்களைப் பிய்த்து மடியில் முடிந்துகொண்டார்கள்.

வீட்டுக்குச் சொந்தக்காரி, கோட்டுக்கும் சொந்தக்காரி, ஏன் தடுக்கவில்லை என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். தடுக்கத்தான் ஒரு படி இறங்கினேன். அஞ்சம்மாள் அந்தக் கோட்டைப் பார்த்துக் கேட்டது நியாயமான கேள்வி என்று எனக்குப் பட்டது. ஒன்பது வருடமாக இந்த வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை. நின்றுவிட்டேன்.

காமிரா நிற்கும்வரை விருத்தாசலம் இமையைக்கூட அசைக்கவில்லை. எழுந்ததும் தம் உடம்பில் பட்ட அடியைப் பார்க்காமல் நேரே என்னிடம் வந்து, “அம்மா, அய்யா கோட்டக் காப்பாத்த முடியலம்மா. பொணம் கையத் தூக்கக் கூடாதே” என்றார். சரியாகச் செய்தாய் என்றேன்.

அந்தச் சமயம் சீனுவாசன் அவர்களின் தேர்தல் ஜீப் தெருவில் வந்தது. மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ஒருவன், “டேய், மில்லுக்காரரு மாதிரியே கீறாருடா!” என்று கத்த, கூட்டம் சிரித்தது. சீனுவாசன் அவர்கள் இறங்கி வந்து, “யார்ரா அவன், எங் கோட்டப் போட்டுக்கினு?” என்று கேட்டுவிட்டுச் செருமினார். விருத்தாசலம் பதில் சொல்ல வாயெடுத்தார். கோட்டு இன்னும் உடம்பில் இருந்த பழக்கத்தால் இரண்டு தரம் செருமிவிட்டார். கூட்டம் மறுபடி சிரித்தது. அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். அன்று மாலை அவரைக் கூட்டிப் போனார்கள்.

நேற்று அஞ்சம்மாளை வரவழைத்துக் கேட்டேன். பித்தானை அரிசிப் பானையில் போட்டிருப்பதாகச் சொன்னாள். “மண்ணு நேத்து கொட்டுன மண்ணும்மா, அதுல இன்னா இருக்குது? பொத்தான்தான் ராசா மேல இருந்துது. வேணுன்னா எடுத்தாறேன், கோச்சிக்காதீங்க” என்றாள். வேண்டாம் என்று அனுப்பினேன். கழுத்துப் பட்டைக்குக் கீழே ஒரு பித்தான் மட்டும் தப்பியிருக்கிறது. அதிலுள்ள எழுத்துகளைப் பார்க்கும்படி கோட்டைச் சப்-இன்ஸ்பெக்டரிடம் ஒப்படைக்கிறேன். வேண்டுமானால் சீனுவாசன் அவர்கள் அதைப் போட்டுப் பார்க்கலாம். முழங்காலுக்குக் கீழே வரும். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் அவ்வளவு பெரியவர் அல்ல.

எல்லாம் எழுதியபின் சப்-இன்ஸ்பெக்டர், அப்படியானால் படத்தில் இறந்த தலைவர் யார் என்று கேட்டார். என் கணவர் என்றேன். பெயர் வேண்டும் என்றார். பலகையைக் காட்டினேன். “பலகை சாட்சி சொல்லாதும்மா. நீங்க வாயால சொன்னாத்தான் அந்த ஆள வுட முடியும்” என்றார். விருத்தாசலம் உடம்பெல்லாம் துடைப்பத் தழும்போடு சிமெண்டுத் தரையில் படுத்திருப்பதை நினைத்துக்கொண்டேன். வாயாலே சொல்கிறேன், எழுதிக்கொள்ளவும்: சக்கரபாணி. கல்யாணமான நாளிலிருந்து இன்றுதான் இதைச் சொன்னேன். சொல்லிவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தேன். யாரும் செருமவில்லை.

முதலில் காலியாக விட்ட இடத்திலும் இந்தப் பெயரையே நிரப்பிக்கொள்ளவும். விருத்தாசலத்தை இன்றே அனுப்ப வேண்டும், டப்பாக்களை வெயில் படாமல் அப்துல் மாலிக்கிடம் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பித்தான்களை யாரிடமிருந்தும் மீட்டுத் தர வேண்டியதில்லை. அவை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

இவை நான் கண்டவை, செய்தவை, சொன்னவை. எதையும் கூட்டவில்லை, யாருக்காகவும் குறைக்கவில்லை. எழுதியதை நானே வாங்கி முழுவதும் படித்து, இரண்டு பிழைகளைத் திருத்தினேன். போலீஸ் விசாரணை வாக்குமூலத்தில் கையொப்பம் வேண்டியதில்லை என்று சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். என் சொல்லுக்குக் கீழே என் பெயர் இல்லாமல் விடும் பழக்கம் எனக்கு இல்லை.

(ஒப்பம்)
தையல்நாயகி சக்கரபாணி